தோள் வலிக்குதுன்னா பேரலை ஏன் மாத்தணும்?

அன்புள்ள அண்ணா,

கனடா ஆல்பர்ட்டால இருந்து எழுதறேன். பக்கத்து பண்ணை பெரியவர் தவறினதும் அவரோட ரெமிங்டன் 700 ரைபிளை (.30-06 தோட்டா போடறது) அவங்க வீட்டம்மா எனக்கே குடுத்துட்டாங்க. நவம்பர்ல மான் வேட்டைக்குப் போகணும். ஆனா உதை தாங்கல, சுட்டா ரெண்டு நாள் தோள் வலி. பேரலை, அதான் அந்தக் குழாயை, மாத்தி 6.5 க்ரீட்மோர்ங்கற உதை கம்மியான தோட்டாவுக்கு ஆக்கிடு, தூரமும் நல்லா போகும்னு நண்பர்கள் சொல்றாங்க. மாத்தலாமா? பெரியவர் பொருள்ல கை வைக்கறோமேன்னும் உறுத்துது. விசைய இழுக்கும்போது கண்ணு வேற தானா மூடிக்குது.

*

அன்புள்ள தம்பி,

கடைசியா ஒரு வரி எழுதினீங்களே, கண்ணு மூடிக்குதுன்னு, அதுக்காகத்தான் இந்த பதில். ரொம்ப நாளா நான் நினைச்சிட்டிருந்த விஷயம் அது.

கேள்விய முதல்ல முடிச்சிடறேன். மாத்தலாம். ரெண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு, தோட்டாவைப் பின்னாலருந்து அடைக்கற போல்ட்டை மாத்த வேண்டாம். ஆனா க்ரீட்மோர் குட்டை, தோட்டா அடுக்கற உங்க மேகசின் நீளமானது, உள்ள தோட்டா முன்னும் பின்னும் ஆடும், அதையும் பாக்கணும். மாத்தியே தீரணும்னா .25-06 தோட்டாவுக்குப் போங்க, அது .30-06 கேஸையே, அதான் பித்தளைக் கூட்டையே, கழுத்து சுருக்கி செஞ்சது, மேகசினைத் தொட வேண்டியதில்ல, உதையும் நல்லாவே குறையும். பேரலும் கூலியும் சேத்தா புது ரைபிளே வாங்கிடலாம்ங்கறதையும் யோசிங்க. தூரத்த விடுங்க, கண்ண மூடிட்டு சுடறவருக்கு 400 கஜம் எதுக்கு? பெரியவர் பொருள்னு உறுத்தவும் வேண்டாம், அது சுடறதுக்குக் குடுத்தது, பூஜைல வைக்க இல்ல.

ஆனா ஒண்ணு கேக்கறேன், அந்த ஸ்டாக், அதான் தோள்ல வெக்கற மரக்கட்டை, உங்க கைக்கு சரியா இருக்கான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா? கடைல வர்ற ரைபிள்ல விசைலருந்து பின்முனை வரை பெரும்பாலும் 13.5 அங்குலம் இருக்கும். பெரியவர் ஆறடி ஆளா இருந்தா அவருக்கு சரி. என்னை மாதிரி அஞ்சடி நாலங்குலத்துக்கு, மேல குளிருக்கு தடிமனா ஒரு ஜாக்கெட்டும் போட்டா, பின்முனை தோள்குழில உக்காராம புஜத்து மேல நிக்கும், கழுத்த நீட்டி குறிபாக்கற ஸ்கோப்புக்குள்ள எட்டிப் பாப்போம், அப்பறம் உதைக்காம என்ன பண்ணும்?

எனக்கு நடந்தது இதுதான். முதல் குளிர்காலத்துலயே ஸ்கோப் வந்து புருவத்த கிழிச்சிடுச்சு. அதுக்கப்பறம் விசைல விரல் வெச்சாலே உடம்பு முந்திக்கும். அப்படி ஒரு சாயங்காலம் சுட்டது ஒரு பெட்டை மானுக்கு வயித்துல பட்டுடுச்சு. பனி மேல ரத்தத்தோட பச்சையா, மென்ன புல்லு மாதிரி சிதறி இருந்தது. இருட்டற வரை தடம் பாத்துட்டே போனேன். காலைல போனப்ப கொயோட்டிங்க, நரி மாதிரி இருக்குமே, அதுங்க பாதிய தின்னுட்டு போயிருந்துச்சு. தம்பி, அந்த மான் ராத்திரி எவ்வளவு நேரம் உயிரோட கிடந்திருக்கும்னு இன்னைக்கும் தூக்கம் வராதப்ப நினைச்சுப்பேன். கண்ண மூடிட்டு நவம்பர்ல காட்டுக்குப் போனா நீங்களும் இதத்தான் பண்ணுவீங்க. போகாதீங்க!

சுட்டுப் பழகற ரேஞ்சுல ஒரு கிழவர் என்கிட்ட சொல்லாம நடுவுல மருந்தில்லாத வெத்து தோட்டா ஒண்ண போட்டுக் குடுத்தார். விசைய இழுத்தேன், சத்தமே வரல, பேரல் முனை மட்டும் சடார்னு கீழ குத்துச்சு. அவர் ஒண்ணும் பேசல. ஜாக்கெட்டை போடச் சொன்னார், பின்முனைய என் முழங்கை மடிப்புல வெச்சார், விரல் விசைக்கு எட்டல. டேப் ஒட்டி கோடு போட்டு ஸ்டாக்கை ஒரு அங்குலம் அறுத்தார், மெத்துன்னு ரப்பர் பேட் மாட்டினார், இப்ப கண்ணு கிட்ட வந்துடும்னு ஸ்கோப்பை முன்னால தள்ளி வெச்சார். 180 கிரெயின் எடைக்கு பதிலா லேசான 150 கிரெயின் குண்டு வாங்கச் சொன்னார். அதே .30-06, அதே பேரல். மூணாவது வாரத்துலருந்து சுடும்போது கண்ணு தொறந்திருந்துச்சு.

நாளைக்கே முழங்கை மடிப்புல வெச்சுப் பாருங்க, ஜாக்கெட்டோட. எட்டலன்னா துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்கிட்ட போய் அறுங்க. நண்பர வெச்சு வெத்து தோட்டா கலந்து சுட்டுப் பாருங்க, முனை ஆடாம நின்னதும் காட்டுக்குப் போங்க. அப்பவும் தோள் வலிச்சா எழுதுங்க, பேரலைப் பத்தி பேசுவோம்.

அறுத்த துண்ட தூக்கிப் போட்டுடாதீங்க. பெரியவர் தோள் பட்டுப் பட்டு கருத்த மரம் அது. கொண்டு போய் அந்த அம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க.

அன்புடன்,
அண்ணன்