அதிசயப் பொருட்கூடங்களை, அதாவது அரிய பொருட்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்த அறைகளை, வைத்திருந்த ஐரோப்பியக் கனவான்களைப் புரவலர்கள் என்று சொல்லலாமா?

எல்லோரையும் சொல்ல முடியாது என்பதே என் கருத்து. புரவலர் என்றால் நமக்குக் கொடுப்பவர். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்களிலோ கொடுத்தவர், கொடுக்கச் சொன்னவர், பிறர் சேர்த்ததைத் தமதாக்கிக்கொண்டவர் என்று பல வகையினர் உண்டு.

ஜான் டிரடெஸ்கன்ட் ஒரு தோட்டக்காரர். அவருடைய எசமானர்களில் ஒருவரான பக்கிங்ஹாம் கோமகன் கடற்படையின் தலைவராகவும் இருந்தார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையான கினியாவிலிருந்து மிகப் பெரிய யானைத் தலையும் நீர்யானைத் தலையும் வேண்டும் என்ற பட்டியலோடு 1625இல் அவர் பெயரால் கடற்படைச் செயலருக்குக் கடிதம் எழுதியவர் இந்தத் தோட்டக்காரரே. கோமகனின் செல்வாக்கு கப்பல்களை எட்டியது. எதைக் கேட்க வேண்டும் என்ற அறிவு டிரடெஸ்கன்டிடம் இருந்தது. பின்னர் அவரும் அதே பெயர் கொண்ட மகனும் லண்டனின் லம்பெத்தில் வைத்திருந்த வீட்டை, நோவாவின் பேழையை நினைத்து, ஊரார் 'பேழை' என்றே அழைத்தார்கள். கட்டணம் செலுத்திய எவரும் அதைப் பார்க்க முடிந்தது. பாடம் செய்யப்பட்ட டோடோ பறவையும், வர்ஜீனியாவின் பூர்வகுடித் தலைவர் பவ்ஹாட்டனுடையது எனப்பட்ட, சிப்பி மணிகள் தைத்த மான்தோலும் அங்கே இருந்தன.

வழக்கறிஞரான எலியாஸ் ஆஷ்மோல் சேணம் செய்பவரின் மகன்; தம்மைவிட மிகவும் மூத்த, வசதி படைத்த கைம்பெண்ணை மணந்த பிறகே பணக் கவலையின்றி ஆராய்ச்சியில் இறங்கினார். பேழையின் பொருட்களுக்கு 1656இல் வெளியான அச்சுப் பட்டியலுக்கு உழைப்பையும் பணத்தையும் அவர் தந்தார். அதுவரை அவர் புரவலர்தான். ஆனால் 1659இல், தம் ஒரே மகனை இழந்திருந்த இளைய டிரடெஸ்கன்ட், தம் காலத்துக்கும் மனைவி ஹெஸ்டரின் காலத்துக்கும் பின் சேகரிப்பு முழுவதும் ஆஷ்மோலைச் சேரும் என்ற தானப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பிறகு எழுதிய உயிலிலோ அதை ஹெஸ்டருக்கு விட்டு, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டில் அவர் விரும்பும் பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டும் என்றார். 1662இல் இளைய டிரடெஸ்கன்ட் இறந்ததும் ஆஷ்மோல் நீதிமன்றம் சென்றார். 1664இல் தானப் பத்திரமே செல்லும் என்று தீர்ப்பானது. அதோடு விடாமல் 1674இல் ஹெஸ்டரின் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார். 1678இல் ஹெஸ்டர் தம் தோட்டத்துக் குளத்தில் மூழ்கி இறந்து கிடந்தார்.

ஆஷ்மோலுக்குரியதையும் சொல்லியாக வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தனிக் கட்டடம் எழுப்பினால்தான் சேகரிப்பைத் தருவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால்தான், அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடமும், நடுவில் விரிவுரைக்கூடமும், மேல்தளத்தில் காட்சிப் பொருட்களுமாக 1683இல் ஆக்ஸ்போர்டில் அவர் பெயரால் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மான்தோல் இன்றும் ஆஷ்மோலியனில் இருக்கிறது. டோடோவின் தலையும் ஒரு காலும் அதே நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எஞ்சியுள்ளன. வாசலில் நிலைத்த பெயர் மட்டும் தோட்டக்காரருடையது அல்ல. லம்பெத் தேவாலய முற்றத்தில் ஹெஸ்டர் கட்டுவித்த டிரடெஸ்கன்ட் குடும்பக் கல்லறை இருக்கிறது. 1692இல் இறந்த ஆஷ்மோலையும் அங்கேதான் புதைத்தார்கள், ஆனால் தேவாலயத்தின் உள்ளே.