தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கு 9 மி.மீ. குண்டு போதுமா, அதைவிடப் பெரிய .45 (அங்குல) குண்டு வேண்டுமா?

பெரிய குண்டுதான் ஆளை உடனே வீழ்த்தும் என்பது பழைய நம்பிக்கை. ரைஃபிளோடு ஒப்பிட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் பலவீனமானதுதான். எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முக்கியம்.

1986-இல் மயாமியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் முகவர்களுக்கும் வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், முகவர் சுட்ட ஒரு 9 மி.மீ. குண்டு கொள்ளையனின் இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதன்பின் எஃப்.பி.ஐ., உடல் தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையில் குண்டு 12 முதல் 18 அங்குல ஆழம் போக வேண்டும் என்று வகுத்தது, 10 மி.மீ., அப்புறம் .40 என்று பெரிய அளவுகளுக்கும் போனது. விரியும் முனைக் குண்டுகள் மேம்பட்டதும் மறுபடி 9 மி.மீ.க்கே வந்துவிட்டது. உதைப்பு குறைவு, அடுத்த குண்டும் சீக்கிரம் குறியில் விழும், மேகசினிலும் கூடுதலாகக் கொள்ளும்.

9 மி.மீ.யைவிடச் சக்தி குறைந்த .380 குண்டுதான் தடுமாறும்: பெரும்பாலும் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது. என் தேர்வு 9 மி.மீ. ஒருவர் .45-ஐ நன்றாகக் குறி தவறாமல் சுடுகிறார் என்றால், சரி, அவரிடம் வாதாட ஒன்றுமில்லை.