சாரணர் சேர்க்கைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மகள் தரம் 8, மகன் தரம் 5. பாடசாலையில் மகளைப் பெண் சாரணியரிலும் மகனைக் குருளைச் சாரணரிலும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்வுப் பணமும் சந்தாவும் ஆளுக்கு 1,000. சீருடைக்கு மகளுக்கு 9,500, மகனுக்கு 8,500. ஆறு மாதம் கழித்து வரும் முகாமுக்கு ஆளுக்கு 5,000. எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். கணவர் அனுப்புவதில் மாதம் 5,000தான் மிச்சம் பிடிக்க முடியும். தோட்டை அடகு வைக்கட்டுமா, மகன் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் எடுக்கட்டுமா, அல்லது இந்த வருடம் மகனை மட்டும் சேர்த்துவிட்டு மகளை அப்புறம் பார்க்கட்டுமா?

பதில்: சகோதரி, தோட்டைக் காதிலேயே வைத்திருங்கள். மகளையும் பின்னுக்குத் தள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள கணக்கே அதற்கு வழி சொல்கிறது. மாதம் 5,000 என்றால் ஆறு மாதத்தில் 30,000. முழுத் தொகையும் உங்கள் கையாலேயே வரப்போகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும் என்று நினைத்ததால்தான் அது கடனாகத் தெரிகிறது.

சேரும் அன்றைக்குத் தேவைப்படுவது சேர்வுப் பணமும் சந்தாவும் மட்டும்தான். சீருடை அப்படி இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் கூட்டங்களுக்குப் போய், உறுதிமொழி, சட்டம், முடிச்சு என்று அடிப்படைப் பாடங்களைப் படித்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சின்னம் சூட்டுவார்கள். சீருடை அவசியமாவது அந்த விழாவில். அதற்குள் சில மாதம் போய்விடும். அதனால் பொறுப்பாசிரியரிடம் கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: "சேர், ரெண்டு பேருக்கும் சந்தாவ இப்பவே கட்டிர்றேன். யூனிஃபோம சின்னம் சூட்டுறதுக்கு முந்தி தச்சுக் குடுத்தா சரியா?" பாடசாலைகளில் இதை நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தங்கள் நேரத்தைக் கொடுத்துச் செய்பவர்கள். பெற்றோரின் நிலை அவர்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் கொடுக்கும் பணத்துக்கு ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தா வருடா வருடம் வரும் செலவு, அடுத்த ஆண்டு கேட்கும்போது அந்தச் சீட்டு உதவும்.

இனி மாதக் கணக்கு. முதல் மாத 5,000இல் 2,000ஐ இரண்டு பேருக்கும் கட்டிவிடுங்கள், மிச்சம் 3,000 மகளின் சீருடைக்கு. இரண்டாம் மாதம் முழு 5,000உம் அதற்கே போகட்டும். மூன்றாம் மாதம் 1,500 போட்டால் மகளின் 9,500 முடிந்துவிடும், 3,500 கையில் நிற்கும். அதோடு நான்காம், ஐந்தாம் மாதப் பணத்தைச் சேர்த்தால் 13,500. முகாமுக்கு இரண்டு பேருக்குமான 10,000ஐ அதில் எடுத்து வைத்துவிடலாம். மீதி 3,500உம் ஆறாம் மாத 5,000உம் சேர்ந்து 8,500, மகனின் சீருடைக்குச் சரியாக வரும்.

மகனின் சீருடையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குருளைச் சாரணர் பிரிவு ஏறக்குறைய 11 வயதோடு முடிகிறது. தரம் 5இல் இருக்கும் பிள்ளைக்கு அங்கே கொஞ்ச காலம்தான் மிச்சம். அதற்கு மேலே சாரணர் பிரிவு, அதன் சீருடை வேறு. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து அவன் தரம் 6க்கு ஹட்டனுக்கோ வேறு ஊருக்கோ போனால் கழுத்துப்பட்டியின் நிறம்கூட மாறிவிடும், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். இப்போது புதிதாகத் தைத்து ஒரு வருடத்தில் பெட்டிக்குள் போடுவது வீண் செலவு. மேல் பிரிவுக்குப் போன பிள்ளைகளின் பழைய சீருடை யாரிடமாவது இருக்கும், ஆசிரியரிடம் சொன்னால் விசாரித்துத் தருவார். கழுத்துப்பட்டி, சின்னம் இரண்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். அப்படி மிச்சமாகும் பணம் உங்களுக்குப் பெரிய உதவி. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலத்தில் கொழுந்து குறையும்போது 5,000 மிச்சம் பிடிக்க முடியாத மாதமும் வரும், அந்த ஓட்டையை அதால் அடைக்கலாம்.

அடகு வேண்டாம் என்று சொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். 30,000க்கு மாதம் 600. பத்து மாதம் கழித்து மீட்டால் வட்டி மட்டும் 6,000, ஒரு பிள்ளையின் முகாம் செலவைவிட அதிகம். தவணைக்கு மீட்கத் தவறினால் தோடே கைவிட்டுப் போகும். திடீர் மருத்துவச் செலவு என்றால் அடகு வைப்பதில் தவறில்லை. ஆறு மாதம் அவகாசம் உள்ள செலவுக்கு அது தேவையில்லை. தீபாவளி முற்பணத்தையும் இதற்கு எண்ணாதீர்கள், அது உங்கள் சம்பளத்திலேயே பிறகு கழியும்.

மகன் பெயரில் உள்ள கணக்கு சிறுவர் சேமிப்புக் கணக்கு என்றால், 18 வயதுக்கு முன் அதில் சாதாரணமாகக் கை வைக்க விடமாட்டார்கள். அது நல்லதுதான், அப்படியே இருக்கட்டும். இந்த ஆறு மாதப் பணத்தையும் அதில் போட்டுவிடாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் வராது. உங்கள் பெயரில் ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்குப் போதும்.

மகளைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் என் மனதில் தைத்தது. பெண் சாரணியர் வேறு சங்கம், சாரணர் வேறு சங்கம், அதனால்தான் இரண்டு சந்தா. சாரணர் இயக்கம் இலங்கையில் 1912இல் மாத்தளையில் தொடங்கியது, பெண் சாரணியர் 1917இல் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில். இரண்டுமே நம் மலைநாட்டில் முளைத்தவை. அதில் நம் பெண்பிள்ளை மட்டும் வெளியே நிற்கலாமா? அவளுக்கு முன்னால் இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன, தைக்கும் சீருடையை மடிப்பை அவிழ்த்து அவிழ்த்துப் போடலாம். பணம் உண்மையிலேயே ஒருவருக்குத்தான் போதும் என்றாலும் முதலில் அவளுக்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

முகாமுக்கு ஸ்லீப்பிங் பேக், புதுப் பை என்று ஒரு பட்டியல் வந்தால் பயப்படாதீர்கள். வீட்டுக் கம்பளி, மழைக்கோட்டு, பாடசாலைச் சப்பாத்து போதும். மற்றதைக் குழுவிலேயே இரவல் கேட்கலாம். சாரணர் வேலை வாரத்தில் பிள்ளை வீடு வீடாக வேலை செய்து பெறும் பணம் இயக்கத்துக்குச் சேர வேண்டியது, அதை உங்கள் வரவில் எழுதாதீர்கள்.

முகாமை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள் என்றால், சேர்த்து வைத்த அளவுக்கு யாரை அனுப்ப முடியுமோ அவரை அனுப்புங்கள். மற்றவர் அடுத்த முகாமுக்குப் போகட்டும். அதற்காகக் கைமாத்துக்கூட வாங்க வேண்டாம். இந்த வாரம் 2,000 ரூபாயோடு ஆசிரியரைப் பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிடுங்கள்.