உலோக ஒட்சைட்டு ஊக்கிகள்: மேற்பரப்பில் நடப்பதும் உள்ளே இருப்பதும்

தான் செலவாகாமல் ஒரு தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்தான் ஊக்கி. அதைப் பற்றி வன்னியில் இருந்து வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு): அண்ணா, ஐதரசன் பேரொட்சைட்டில் மங்கனீசு ஈரொட்சைட்டைத் தூளாகப் போட்டால் உடனே நுரைக்கிறது, கட்டியாகப் போட்டால் மெதுவாகத்தான். இரண்டும் ஒரே பொருள்தானே?

பதில்: ஒரே பொருள்தான் தங்கச்சி, இங்கே ஊக்கியும் அதுதான். ஆனால் பேரொட்சைட்டு தொடுவது வெளியில் இருக்கும் அணுக்களை மட்டுமே. 1 சென்ரிமீற்றர் கனக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 10 நனோமீற்றர் கனத்துண்டுகளாக வெட்டினால் 600 சதுர மீற்றர், இரண்டு பரப்புக் காணிக்கும் மேலே.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், வவுனியா): தைத்தேனியம் ஈரொட்சைட்டை இரண்டு தடவை தயாரித்தேன். எக்ஸ் கதிர் கோணல் படத்தில் இரண்டும் தூய அனாட்டேசு (அதன் பளிங்கு வடிவங்களில் ஒன்று). வெயிலில் வைத்தால் ஒன்று மெதிலீன் நீலம் என்ற சாயத்தின் நிறத்தைப் போக்குகிறது, மற்றது அசையவில்லை. ஏன்?

பதில்: தம்பி, அந்தப் படத்தை மட்டும் நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். அது காட்டுவது பளிங்கின் உள் ஒழுங்கை. மேலே ஓர் அணுத் தடிப்பில் அழுக்குப் படிந்திருந்தால் அதில் தெரியாது. உள்ளே ஒவ்வொரு தைத்தேனிய அணுவையும் 6 ஒட்சிசன் சூழ்ந்திருக்கும்; மேற்பரப்பில் சிலவற்றுக்கு 5 தான். அந்தக் குறையில் நீர் வந்து ஒட்டி ஐதரொட்சைல் (OH) கூட்டங்கள் உண்டாகும். தாக்கம் நடப்பது அங்கேதான்.

ஆகவே என் முதல் கேள்வி: எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? நம் பக்கக் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியம் தூளிலும் ஒட்டும். தயாரிப்பில் சோடியம் கலந்திருந்தால், உலையில் சூடாக்கும்போது அதுவும் வெளிப்பக்கம் வந்து சேரும். மொத்தத்தில் மிகச் சிறிய அளவுதான், ஆனால் மேற்பரப்பை மூட அது போதும். அடுத்த முறை காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி, ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் சூடாக்குங்கள். எக்ஸ் கதிர் ஒளியிலத்திரன் நிறமாலை எடுக்க வழி இருந்தால் கட்டாயம் எடுங்கள். அது மேலுள்ள சில நனோமீற்றரை மட்டுமே பார்க்கும்.

கேள்வி (வாகனத் திருத்துநர், கிளிநொச்சி): அப்ப உள்ளே இருப்பது சும்மா பாரமா? காரின் புகைக்குழாயில் இருக்கும் ஊக்கிப் பெட்டியிலும் இதே கதையா?

பதில்: இல்லை அண்ணை, உள்ளே இருப்பதுக்கும் வேலை உண்டு. அந்தப் பெட்டியில் பிளாற்றினம் போன்ற உலோகங்களோடு சீரியம் ஒட்சைட்டும் இருக்கிறது. புகையில் ஒட்சிசன் குறைந்தால் அது தன்னுடையதையே கொடுக்கும்; மேலே விழும் வெற்றிடத்தை உள்ளிருந்து வரும் ஒட்சிசன் நிரப்பும். காற்று மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒட்சைட்டு தன் ஒட்சிசனைக் கொடுத்துப் பிறகு மீட்கும் இந்த வழியை 1954இல் மார்ஸ், வான் கிரெவெலன் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒயில் எரிக்கும் என்ஜின் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். ஒயிலில் வரும் பொசுபரசு மேலே படிந்தால், உள்ளே எவ்வளவு நல்ல சீரியம் இருந்தும் பயனில்லை.

கேள்வி (ஆசிரியை, முல்லைத்தீவு): இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இங்கே கிடைக்கும் பொருள் ஏதும் உண்டா?

பதில்: செம்மண் போதும், ரீச்சர். களியைக் கழுவி நீக்கிச் சிவந்த மணலை மட்டும் எடுங்கள். கையுறையோடு ஒட்சாலிக் அமிலக் கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால், மணிகளை மூடியிருக்கும் இரும்பு ஒட்சைட்டு கரைந்து வெளிறிய படிகக்கல் மிஞ்சும். முன்னும் பின்னும் நிறுக்கச் சொல்லுங்கள். நிறம் அவ்வளவு மாறியும் நிறை கொஞ்சம்தான் குறைந்திருக்கும்.