பழைய கோல்ஃப் கட்டுரைகளை இன்று யார் படிக்கிறார்கள்?

கேள்வி: சென்ற இதழில், நூறாண்டுகளுக்கு முன் கோல்ஃப் ஆட்டங்களைப் பற்றி எழுதிய பெர்னார்ட் டார்வின் என்பவருக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். எந்த ஆட்டத்தையும் கைப்பேசியிலேயே பார்த்துவிட முடிகிற இந்தக் காலத்தில், முடிவு தெரிந்துபோன ஆட்டங்களைப் பற்றிய எழுத்தை, அதுவும் பணக்காரர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய எழுத்தை, இன்னும் படிப்பவர்கள் இருக்கிறார்களா? அந்தப் பக்கங்களை உருப்படியான வேறொன்றுக்குத் தந்திருக்கலாமே?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இருக்கிறார்கள். டார்வின் 1961இல் மறைந்தார். அவருடைய கட்டுரைத் தொகுப்புகள் அதற்குப் பிறகும் மறுபடி மறுபடி அச்சேறியிருக்கின்றன. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் எதற்காகப் படிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். முடிவு தெரிந்துவிட்டால் ஆட்டத்தைப் பற்றிய எழுத்துக்கு வேலை இல்லை என்பது உங்கள் எண்ணம். முடிவை அறிவிப்பதற்காகவே எழுதப்பட்ட செய்திக்கு அது பொருந்தும். டார்வின் எழுதியது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளையும் சுற்றிவர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அதில் மட்டையை வீசும் நேரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில நிமிடங்களே தேறும். மீதி நேரமெல்லாம் ஆட்டக்காரர் நடக்கிறார், நிற்கிறார், காற்றைப் பார்க்கிறார், யோசிக்கிறார். கிரிக்கெட்டில் வேகப்பந்தை எதிர்கொள்பவருக்கு யோசிக்க ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. கோல்ஃபிலோ பந்து அசையாமல் தரையில் கிடக்கிறது, எதிராளி அதைத் தடுக்கவோ பறிக்கவோ முடியாது, யோசிப்பதற்கு வேண்டிய அளவுக்கு நேரம் இருக்கிறது, அந்த நேரமே ஆட்டக்காரரைக் கெடுக்கிறது. முந்தைய குழியில் செய்த தவறும், அடுத்த குழியைப் பற்றிய பயமும், கைக்கெட்டிய வெற்றி நழுவிவிடுமோ என்ற தவிப்பும் நடந்துபோகும் அந்த நேரத்தில்தான் மனத்தில் புகுகின்றன. கேமரா அப்போது ஒருவர் நடப்பதைக் காட்டும். அவர் மனம் என்ன பாடுபடுகிறது என்பதை அருகில் நடந்து கவனித்து எழுதுபவரே சொல்ல முடியும்.

அப்படி நடந்தவர் டார்வின். பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினின் பேரன் அவர்; வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1907 முதல் 1953 வரை லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழில் கோல்ஃப் பற்றி எழுதினார். அந்த நாளிதழின் அன்றைய வழக்கப்படி கட்டுரைகளில் அவர் பெயர் இருக்காது, 'எமது கோல்ஃப் செய்தியாளர்' என்று மட்டுமே இருக்கும். பெயர் போடாத கட்டுரையின் முதல் பத்தியைப் படித்தே வாசகர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள் என்றால், அந்த எழுத்தின் தனித்தன்மைக்கு வேறு சான்று தேவையில்லை.

1913 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் நடந்த யு.எஸ். ஓபனை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஹாரி வார்டன் அதற்குள் பிரிட்டிஷ் ஓபனை ஐந்து முறை வென்றிருந்தார். டெட் ரே முந்தைய ஆண்டுதான் அதை வென்றிருந்தார். அவர்களுடன் சம நிலையில் முடித்தவர் பிரான்சிஸ் விமெட் என்ற இருபது வயது உள்ளூர் இளைஞர். அவர் வீடு மைதானத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. சிறுவனாக அங்கே கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, வேலை பார்த்தவர். மறுநாள் மழையில் நனைந்த தரையில் மூவரும் மீண்டும் மோதியபோது, விமெட்டின் மட்டைப் பையைச் சுமந்தவன் எடி லவரி என்ற பத்து வயதுச் சிறுவன். விமெட்டின் அடிகளை அட்டையில் குறிக்கும் பொறுப்பு, செய்தி எழுத வந்திருந்த டார்வினிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் நாட்டின் இரு பெரும் ஆட்டக்காரர்கள் தோற்பதை, அவர்களைத் தோற்கடிப்பவரின் அருகிலேயே நடந்து, குழிக்குக் குழி அவர் தம் கையால் எழுதினார்.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வார். முதல் ஒன்பது குழிகளில் மூவரும் 38 அடிகள். பதினேழாம் குழிக்கு வரும்போது விமெட் வார்டனைவிட ஒரே ஒரு அடி முன்னிலை. பின்தங்கியிருந்த வார்டன், குழிக்குப் போகும் பாதையின் வளைவைக் குறுக்கே கடக்கத் துணிந்து அடித்தார். பந்து பங்கரில், அதாவது மணற்குழியில், விழுந்தது. அவருக்கு ஐந்து அடிகள், விமெட்டுக்கு மூன்று. ஆட்டம் அங்கேயே தீர்ந்துபோனது. இறுதிக் கணக்கு விமெட் 72, வார்டன் 77, ரே 78. இந்த எண்களை எந்தப் பதிவேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து முறை பட்டம் வென்ற ஒருவர், அதுவரை காத்த நிதானத்தை அந்த இடத்தில் ஏன் விட்டார் என்பதைப் பதிவேடு சொல்லாது. அதற்காகத்தான் அங்கே இருந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கிறோம்.

வியந்து எழுதுவதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸை அவர் மிகவும் மதித்தவர். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற அந்த ஜோன்ஸ், ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓபனின் கடைசிச் சுற்றில், எட்டாம் குழியில், இரண்டே அடிகளில் கிரீனின், அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையின், ஓரத்துக்குப் பந்தைக் கொண்டுவந்துவிட்டு, அதைக் குழியில் சேர்க்க மேலும் ஐந்து அடிகள் எடுத்துக்கொண்டார். புல்தரையில் பந்தைத் தட்டி ஆடும் குரோக்கே ஆட்டத்தின் மட்டையோடு ஒரு மூதாட்டி வந்து ஆடியிருந்தால்கூட இரண்டு அடிகள் மிச்சமாகியிருக்கும் என்ற பொருளில் டார்வின் எழுதினார். ஜோன்ஸ் அந்தப் போட்டியை வென்றார், ஆனால் வெற்றியைக் காட்டி அந்தக் குழியை மூடிமறைக்க டார்வின் முயலவில்லை. தாமே நல்ல ஆட்டக்காரராகவும் இருந்ததால் அவருக்கு அந்த உரிமை இருந்தது: 1922இல் அமெரிக்க, பிரிட்டிஷ் அணிகள் மோதும் வாக்கர் கோப்பைப் போட்டியைப் பற்றி எழுத அமெரிக்கா சென்றவர், பிரிட்டிஷ் அணித் தலைவர் நோயுற்றதால் தாமே தலைமையேற்று ஆடித் தம் ஒற்றையர் ஆட்டத்தை வென்றார்.

'பணக்காரர்களின் பொழுதுபோக்கு' என்கிறீர்கள். இதில் பாதி உண்மை. விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்களை அன்றைய பிரிட்டிஷ் சங்கங்கள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே விடவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில், அப்படிப் பிழைத்த அமெரிக்கரான வால்டர் ஹேகன் வாடகைக் காரை வாசலில் நிறுத்தி, அதையே உடைமாற்றும் அறையாக்கித் தம் எதிர்ப்பைக் காட்டினார். ஆனால் இந்த ஆட்டத்தின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் இன்றும் பொதுச்சொத்துதான். 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழுக்கு எழுதிய பாட் வார்ட்-தாமஸ் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் கைதிகள் குடிசைகளுக்கு நடுவே குழிகள் அமைத்து, கையால் செய்த பந்துகளால் கோல்ஃப் ஆடியதைப் பற்றி எழுதியே இத்துறைக்குள் வந்தார். அந்த முகாமில் பணக்காரர் என்று யாரும் இல்லை.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் நான் தாங்கிப்பிடிக்கவில்லை. டார்வினிடம் டிக்கன்ஸின் பாத்திரங்கள் அளவுக்கு மீறி வந்துபோவார்கள். அந்த நாவல்களைப் படிக்காதவர்கள் சில பத்திகளில் தடுமாறுவார்கள். பந்து செய்யும் ரப்பரைப் பற்றியும் மட்டையின் பிடியைப் பற்றியும் எழுதியவை இன்று ஆய்வாளர்களுக்கு மட்டுமே உதவும். அவற்றைத் தயங்காமல் தாண்டிச் செல்லலாம். தாண்டக்கூடாதவை மைதானங்களைப் பற்றிய பகுதிகள். எல்லா டென்னிஸ் களங்களுக்கும் ஒரே அளவு. கோல்ஃபில் ஒரு மைதானம்போல் இன்னொன்று இராது. கடலோர மணல்மேடும் காற்றும் ஓடையும் ஆட்டத்தில் பங்கெடுக்கின்றன. பிரிட்டிஷ் தீவுகளின் மைதானங்களைப் பற்றி 1910இல் டார்வின் எழுதிய நூலை, மட்டையையே தொடாதவர்கள்கூட ஒரு பயண நூலாகப் படிக்கலாம்.

எனவே அந்தப் பக்கங்கள் தொடரும். அடுத்த இதழில் அமெரிக்க கோல்ஃப் எழுத்தாளர் ஹெர்பர்ட் வாரன் விண்டைப் பற்றி எழுதுகிறோம். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 11, 12, 13ஆம் குழிகள் சந்திக்கும் பகுதியை இன்று உலகெங்கும் தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் 'ஆமென் கார்னர்' என்கிறார்கள் அல்லவா? 1958இல் ஒரு கட்டுரையில் அந்தப் பெயரைச் சூட்டியவர் அவர்தான். கைப்பேசியில் அகஸ்டா ஆட்டத்தைப் பார்த்து முடித்த கையோடு அந்தக் கட்டுரையையும் படித்துவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.