தேன்சிட்டில் எது எது? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மன்னார்குடியிலிருந்து: கொல்லைக்கு இரண்டு வகைத் தேன்சிட்டு வருகிறது. இரண்டுக்கும் வயிறு மஞ்சள். எப்படிப் பிரிப்பது சார்?

தொண்டையிலிருந்து வயிறு வரை பாருங்கள். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டில் ஆணுக்குத் தொண்டை ஊதா மினுக்கம், அதன்கீழ் அரக்குப் பட்டை, பிறகு மஞ்சள் வயிறு. முதுகும் அரக்குதான். வருஷம் முழுக்க இதே கோலம். பெயரில் இருக்கும் பிட்டத்து ஊதாவை மட்டும் நம்பாதீர்கள், இறக்கையை மடித்தால் மறைந்துவிடும்.

ஊதாத் தேன்சிட்டில் ஆண், கூடு கட்டும் பருவத்தில் உடம்பெல்லாம் கருநீலம்; நிழலில் வெறும் கறுப்பு. குழப்பம் வருவது பருவம் முடிந்த பிறகு. அப்போது மேலே பழுப்பு, கீழே மஞ்சள், தொண்டையிலிருந்து வயிற்றுக்கு நடுவாக ஒரு கறுப்புக் கோடு. நீங்கள் பார்த்த இரண்டாவது இதுவாக இருக்கலாம். கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெட்டைகளுக்கும் தொண்டைதான் அடையாளம். வெளுத்த தொண்டை, மஞ்சள் நெஞ்சு என்றால் ஊதாப்பிட்டு. தொண்டையும் சேர்ந்து ஒரே மங்கல் மஞ்சள் என்றால் ஊதா.

பாபநாசம்: வெற்றிலைக் கொடிக்கால் அகத்தியில் கறுப்புச் சிட்டு ஒன்று. அலகு ரொம்ப நீளம், நன்றாக வளைந்திருக்கிறது. ஊதாவா?

வயிறு பழுப்பா, நெஞ்சில் அரக்குப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. ஊதாவுக்கும் அலகு வளைவுதான், ஆனால் குட்டை. 18ஆம் நூற்றாண்டில் இலங்கையின் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் இது.

திருவாரூர்: சாயங்காலம் நித்தியகல்யாணிப் பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது ஹம்மிங்பேர்டுதானே?

இல்லை. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். தலையில் உணர்கொம்பும், சுருண்டு நீளும் உறிஞ்சுகுழலும் இருந்தால் அது பருந்து அந்துப்பூச்சி. தேன்சிட்டும் ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் பெரும்பாலும் காம்பைப் பிடித்துத் தொங்கித்தான் குடிக்கும்.

கும்பகோணம்: சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா அக்கா? தேன் கலந்தால் நல்லதா?

தேன் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கலர்ப் பொடியும் கூடாது. கால் டம்ளர் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறியபின் ஊற்றுங்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும், அதனால் தினமும் கொட்டிவிட்டு வெந்நீரில் கழுவ வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் வைக்காமலே இருங்கள். செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள். குஞ்சு வளர்வது பூச்சியிலும் சிலந்தியிலும்தான்.

திருத்துறைப்பூண்டி: செம்பருத்தியின் அடியில் ஓட்டை போடுகிறதே, செடி கெடுமா?

கெடாது. மகரந்தத்தைத் தொடாமல் தேனை மட்டும் எடுக்கிற குறுக்கு வழி.

மயிலாடுதுறை: பைக் கண்ணாடியை நாள் முழுக்கக் கொத்துகிறது.

தன் நிழலை எதிரி என்று நினைத்து விரட்டுகிறது. வண்டி நிற்கும்போது கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டிவிடுங்கள்.

வேதாரண்யம்: துணிக்கொடியில் கூடு கட்டிவிட்டது. ஓரமாக மாற்றிக் கட்டலாமா?

வேண்டாம். இடம் மாறினால் தாய் கைவிட்டுவிடக்கூடும். துணியை வேறு கொடியில் உலர்த்துங்கள். சிலந்தி வலை, பட்டைத் துணுக்கு, புழு எச்சம் எல்லாம் ஒட்டி, தொங்கும் குப்பை மாதிரி இருக்கும் அந்தக் கூடு. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிறவர்கள் கண்ணில் படும் முன் வீட்டில் எல்லோரிடமும் காட்டி வையுங்கள்.