வன்னியில் செலவில்லாமல் மனநல உதவி எங்கே எடுக்கலாம்?

அம்மாவுக்கு நித்திரை இல்லை, எந்த நேரமும் யோசனை, உங்கள் பத்து வயது மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான், கையில் காசும் இல்லை, வன்னிக்குள் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அரச ஆசுப்பத்திரிக்குப் போங்கள், ஐந்து சதம் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து சதம் கேட்காத இடத்துக்குப் போய்ச்சேர எங்கள் வீட்டுக்கு ஐந்து வருடமும் ஒரு சோடிக் காப்பும் தேவைப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் கதை. தர்மபுரம் பக்கம். 2009 இல் எல்லாரையும் போல மெனிக் பாம் அகதி முகாம், 2010 இல் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருப்பு, காணி துப்புரவாக்கியது, கிணறு இறைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் அவள்தான். அப்போது ஒன்றுமில்லை. வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, கதவு நிலை எல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் விழுந்தாள். தலையிடி, நெஞ்சு இறுக்கம், காலெரிவு, பெருமூச்சு. மனம் சரியில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை, எங்கள் சனம் அப்படிச் சொல்லாது, உடம்பைத்தான் சொல்லும். ஆசுப்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில், அதுதான் ஓ.பி.டி.யில், பனடோலும் காஸ்ரிக் குளிசையும் தந்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் செய்வினைதான் என்று மாமி முடிவெடுத்தார். நூல் கட்டினோம், கழிப்புக் கழித்தோம், காப்பு அடைவுக்குப் போனது. கோயிலை நான் குறை சொல்லவில்லை, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய்வந்தால் அவளுக்கு ஒரு கிழமைக்கு முகம் தெளிவாக இருக்கும், அது வேறு. வீட்டு வாசலில் வந்து நின்று கறுத்தக் கோழி கேட்ட ஆளைத்தான் சொல்கிறேன்.

பிறகு யாரோ மனநல வைத்தியரிடம் காட்டச் சொன்னார்கள். காட்டினோம், யாழ்ப்பாணத்தில், தனியாரிடம், ஹயருக்கு வான் பிடித்துக்கொண்டு. இங்கே வைத்தியர் இல்லாமல் இல்லை. கிளிநொச்சியில் மனநலக் கிளினிக் வரிசையில் இருந்தால் தெரிந்தவர்கள் காண்பார்கள், "அவளுக்கு விசராம்" என்று ஊர் முழுக்கப் போகும், நாளைக்குப் பிள்ளைகளின் கலியாணம் பேசும்போதும் அது வந்து நிற்கும் என்ற பயம். அந்த யாழ்ப்பாண வைத்தியர் மருந்துத் துண்டை எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் குளிசை உங்கட ஆசுப்பத்திரியிலேயே சும்மா தருவினம், ஏன் இவ்வளவு தூரம் வாறீங்கள்?" எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் காசெல்லாம் வைத்தியத்துக்குப் போகவில்லை, ஒளிக்கிறதற்குப் போயிருந்தது.

சரி, இப்போது போகிற வழி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட ஆசுப்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சில பிரதேச ஆசுப்பத்திரிகளிலும் குறித்த நாட்களில் மனநலக் கிளினிக் நடக்கும், நாள் அடிக்கடி மாறும், அதனால் உங்கள் ஊர் ஓ.பி.டி.யில் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கிருந்தே கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பழைய துண்டுகள், இப்போது குடிக்கிற குளிசைகள், அடையாள அட்டை, இவ்வளவும் கையில் வேண்டும். அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிற ஒருவர் கூடப் போகவேண்டும். ஆனால் அவரும் கொஞ்சநேரம் வெளியே இருக்கவேண்டும். நான் அக்காவுக்காக எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன், டொக்டர் என்னைப் பார்த்து "நீங்கள் கொஞ்சம் வெளியில் இருங்கோ" என்றார். அரை மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். அவள் வெளியே வந்து "சோடா ஒன்று குடிப்பமா" என்றாள். உள்ளே என்ன கதைத்தாள் என்று இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை.

குளிசை பனடோல் மாதிரி உடனே வேலை செய்யாது. மனச்சோர்வுக் குளிசைக்கு இரண்டு கிழமை, சிலருக்கு நாலு கிழமைக்கு மேலும் போகும், முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டும். அக்கா ஐந்தாம் நாள் "இது குடிச்சால்தான் விசர் வரும்" என்று கிணற்றடியில் வீசினாள், திரும்பிப் போய் வாங்கினோம். சுகம் வந்த பிறகு தானாகவே நிறுத்தினாள், மூன்று மாதத்தில் பழையபடி. சுகமான பிறகும் ஆறு மாதமாவது குடிக்கவேண்டும், நிறுத்துவதென்றால் அவர்களைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இன்னொன்று, அவள் கிளினிக் கொப்பிக்குப் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே மகனின் பேனையால் "பிரஷர்" என்று எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் யாரும் கேட்டால் காட்டுவதற்கு. ஒரு நாள் பிரஷர் பார்க்கிற தாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள். உறை இன்னும் இருக்கிறது, எழுத்து மட்டும் அழிந்துபோய்விட்டது.

கதைத்து ஆறுவதற்கு ஆள் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், சிறுவர், பெண்கள் விடயங்களுக்கும் தனி உத்தியோகத்தர்கள் உண்டு, எல்லாம் இலவசம். எங்களுக்கு முதலில் வாய்த்தவர் கோப்பு வேலை நடக்கிற அறைக்குள்ளேயே வைத்து, மற்றவர்கள் கேட்கக் கேட்க, "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றார். இரண்டாவது வந்த பிள்ளை வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து, அக்கா தேங்காய் துருவி முடியும் வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் சரிவரவில்லை என்றால் இன்னொருவரைக் கேளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உளவளத்துணை நுண்கடனைக் கட்டாது. கிழமைக்கு ஒரு தரம் வாசலில் கடன்காரன் நிற்கிற வீட்டில் யோசனை எப்படிப் போகும்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சியில் போராட்டம் இருந்த தாய்மாரிடம் மறந்துவிடுங்கோ என்று சொன்னால் அது ஆறுதலா? மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எழுதிவந்ததும் இதைத்தான், போரில் அடிபட்டது தனி ஆட்கள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது என்று.

இனி உங்கள் மகன். முதலில் வகுப்பு ஆசிரியரிடம் கதையுங்கள், பள்ளிக்கூடத்தில் ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அவரிடமும், அதே மனநலக் கிளினிக்கிலும் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். யாராவது அடிக்கிறார்களா, வேறு ஏதும் செய்கிறார்களா என்று அதட்டாமல் கேட்டுப் பாருங்கள், அப்படி ஏதும் என்றால் 1929 சிறுவர் இலக்கம். அக்காவின் மகனும் இப்படித்தான் காலையில் வயிற்றுவலி என்று படுப்பான். நாங்கள் கள்ளம் என்று அடியும் போட்டோம். கடைசியில் பார்த்தால் அவன் தாய்க்குக் காவல் இருந்திருக்கிறான், தான் பள்ளிக்கூடம் போன நேரம் அம்மாவுக்கு ஏதும் நடந்துவிடும் என்று. தாய் எழும்பிச் சமைக்கத் தொடங்கிய பிறகு அவன் தானாகவே சைக்கிளை எடுத்தான். உங்கள் மகன் அம்மம்மாவோடு ஒட்டாக இருக்கிற பிள்ளை என்றால் இதையும் யோசியுங்கள்.

அம்மா சாகிற கதை கதைத்தால் கிளினிக் நாள் பார்க்கவேண்டாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியே விடவேண்டாம். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1990 அம்புலன்ஸுக்கும் காசில்லை. பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி 1998 இலிருந்து இங்கே குற்றமில்லை.

உண்மையான செலவு பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள், அது மட்டும் கையைக் கடித்தது. அம்மாவின் நிலைமை சீரானதும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் குளிசை தருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். அம்மாவுக்குப் பிரஷர், சீனி வருத்தம் இருந்தால் அந்தக் கிளினிக்கையும் மனநலக் கிளினிக்கையும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். முதல் பஸ்ஸுக்கே போங்கள், நம்பர் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் கூட. புட்டோ பாணோ கட்டிக்கொண்டு போங்கள், பத்து மணிக்குப் பிறகு கன்ரீனில் வெறும் தேத்தண்ணிதான் மிஞ்சியிருக்கும்.